நட்சத்திரக் குறியிட்ட கேள்வி

காலை 6.40. அறை 412. விளக்கு எரிந்தது.
6.55. பால் பாக்கெட் ஒன்று, தினசரிகள் மூன்று.
7.10. ஜன்னலைத் திறந்தார். மூடவில்லை.

இப்படித்தான் எழுதுவேன்,
வாலாஜா சாலையில், மூடிக் கிடக்கும் ஜெராக்ஸ் கடை நிழலில்
கைலி கட்டிக்கொண்டு,
மேட்ச் நடக்கும் நாளில் டிக்கெட் தேடுகிறவனாக,
ஒரு மாதம் சர்க்கரை நோய்க்கு மூலிகை விற்கிறவனாக.
மூன்று பொட்டலம் விற்றும்விட்டேன்.
அந்தக் காசை எந்தக் கணக்கில் காட்டுவது என்று
துறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

செங்கமலம் அம்மா செய்ததெல்லாம்
ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தது.
ரகசிய நிதியைச் செலவழித்து
இந்த அவையின் உறுப்பினர்கள் எத்தனை பேர்
பின்தொடரப்படுகிறார்கள்?
அதில் நானும் உண்டா?

கேள்வி பேரவைச் செயலகம் போனது,
அங்கிருந்து உள்துறை,
உள்துறையிலிருந்து எங்கள் மாடி,
மாடியிலிருந்து படியிறங்கி என்னிடம்:
'இந்தம்மா எதுக்குக் கேக்குது? பாரு.'

அதுவரை அவரை யாரும் பின்தொடரவில்லை.

ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.
எழிலகம் தாண்டிக் கடலோரம் நடக்கையில்
செருப்பைச் சரிசெய்யும் சாக்கில் குனிந்து
கால்களுக்கிடையே பின்னால் பார்த்தார்.
பிறகு போனில் பேசுவது குறைந்தது.
குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார்.
பதினோரு வருடம் கூடவே இருந்த
போளூர் அருணகிரியை
ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியோடு அனுப்பிவிட்டார்.

அருணகிரி எங்கள் ஆள் இல்லை.
அதைச் சொல்ல என்னிடம் படிவம் இல்லை.

கார்த்திகை மழை.
குடையோடு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.
'நேத்து விளக்கை அணைக்க மறந்துட்டேன்,
எத்தனை மணின்னு போட்டீங்க?'
'விடியற வரைக்கும்னு' என்றேன்,
வாய் தவறி.
தலையாட்டினார். பன்னிரண்டு ஜி சேறடித்துப் போனது.
'சர்க்கரைக்கு அந்த மூலிகை கேக்குமா?'
'கேக்காதும்மா.'
அன்றைய அறிக்கையில்
மழை பெய்ததை மட்டும் எழுதினேன்.

காவல்துறை மானியக் கோரிக்கை நாளில்
என்னை மாடத்தில் உட்காரச் சொன்னார்கள்.
என் சம்பளம், பைக்குப் பெட்ரோல், இந்தப் பேனா
எல்லாம் அன்றைய தொகைக்குள்.
ஏற்போர் ஆம் என்க என்றதும்
கூரைவரை ஆம்.
மறுப்போர் இல்லை என்க என்றபோது
அவர் உதடு அசைந்தது.
கொட்டாவியாகவும் இருக்கலாம்.
இரவு எட்டு மணிக்கு போன் வந்தது: என்ன சொன்னார்?
எனக்குக் கேட்கவில்லை சார்.
உன்னை எதுக்கு உட்கார வெச்சோம்?
அவர்களுக்கு அவர்மேல் இருந்த சந்தேகத்தில்
ஒரு துண்டு அன்றிலிருந்து எனக்கும்.
இப்போது கடைசித் தெருவிளக்கடியில்
நியூஸ்பேப்பர் படிக்கிறான் ஒரு பையன்.
பக்கம் திருப்புவதே இல்லை,
புதுசு.

மறுநாள் கேள்வி நேரம்.
அமைச்சர் எழுந்து பதிலை வாசித்தார்:
'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது.'

அந்த அவையில் நான் கேட்ட
முழு உண்மை அது ஒன்றுதான்.
யாரோ மேசையைத் தட்டினார்கள். சிரிப்பு.
அவர் சிரிக்காமல் கழுத்தை அண்ணாந்து
மாடத்தின் மூன்றாம் வரிசையை,
தூணோரத்தை,
என்னை.

10.26. உறுப்பினர் மேலே பார்த்தார்.
யாரை என்று தெரியவில்லை.