தெற்குச் சுவர்

இருபதாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல்
பதினெட்டு சென்ட்.
சரிவு, ஒரு பாறை, ஏழு சில்வர் ஓக்,
அவற்றில் ஏறிய மிளகு.

முதல் வரைபடத்தில்
தெற்கு முழுக்கக் கண்ணாடி வைத்தேன்.
இரவானால் கீழே சேலம்
கொட்டிய சில்லறை போல மினுங்கும்.
அதற்குத்தான் இங்கே மனைக்கு விலை.

தெய்வசிகாமணி தாளைத் திருப்பி வைத்தார்.
“முப்பத்தோரு வருசம் இரும்பாலை.
அந்த வெளிச்சத்துக்குள்ளதாங்க நின்னேன்.
சுவரா வச்சிருங்க.”

வைத்தேன்.
வீடு வடக்கே, காப்பிச் செடிகளின் பக்கம் திரும்பிக்கொண்டது.
பாறையை வெடிக்க மனமில்லை,
குளியலறையை அதன்மேல் சாய்த்தேன்;
ஐப்பசியில் வியர்க்கும்
என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டேன்.
உருளைகளின் சத்தம் தின்ற காதுகள் அவருக்கு.
எங்கே உட்கார்ந்தாலும்
குணவதியின் உதடு தெரிய வேண்டும்.
அதனால் அடுப்புக்கும் கூடத்துக்கும் நடுவே
ஒன்றுமே கட்டவில்லை.
நான் வரைந்ததிலேயே நல்ல இடம் அது.

சுவர் இடுப்பளவு எழும்பிய நாள்,
அவர் கம்பி வாங்கக் கீழே போயிருந்தார்.
குணவதி சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து
தெற்கே பார்த்தார்.
“இந்த உயரத்துல ஒரு ஓட்டை விடுங்க.
அவருக்கு நைட் ஷிஃப்ட்டுன்னா
மொட்டை மாடியில நின்னு
அந்தப் பக்கமேதான் பார்ப்பேன்.
பழகிப்போச்சு.”

மேஸ்திரி ஏன் என்று கேட்கவில்லை.
ஒன்றரை அடிக்கு ஒன்றரை.
வரைபடத்தில் இன்றுவரை அது இல்லை.

பால் காய்ச்சிய அன்று
தெய்வசிகாமணி குனிந்து, அதன் வழியே
வெகுநேரம் பார்த்தார்.
“பனி உள்ள வரும். ஒரு கதவு போட்ருங்க.”

கண்ணாடியா, பலகையா?
கையால் காட்டிக் கேட்டேன்.

அவர் திரும்பி
குணவதியின் உதட்டைப் பார்த்தார்.