கேபிள் கொப்பி

தை மாதம் இருநூற்றுப் பதினான்கு வீடு.
நீல மையால் எழுதினேன், வீட்டுக்கு ஒரு வரி.
இன்று மார்கழி முப்பத்தொன்று.
சிவப்புப் பேனைதான் முதலில் முடிந்தது.

பாண்டிருப்பில் இரவு எட்டரைக்கு
வாளி வாத்தியார் வருவார்.
தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு
கணக்குப் படிப்பிக்கிற மனிசன்.
பிழையான விடையைப் பலகையில் எழுதிப்போட்டு
சரியாகச் சொன்ன பிள்ளையை வாங்கில் ஏற்றுவார்.
மணி அடிக்கும். ஊர் சிரிக்கும்.

அந்தச் சிரிப்பை வீதியில் நின்று கேட்டவன் நான்.
அது ஒரேயடியாக வராது.
அன்ரனா வைத்த கனகேஸ்வரி வீட்டில் முதலில் வெடிக்கும்,
பிறகு என் வயர் ஓடிய பதினொரு வீடு,
பிறகு, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம் பிந்தி,
டிஷ் பூட்டிய தட்சணாமூர்த்தியர்.
ஒரு பகிடி சைக்கிள் மிதித்து
கடற்கரைப் பக்கம் போய்ச் சேர்ந்த மாதிரி.

மாசியில் ஃபைபர் வந்தது.
மஞ்சள் தொப்பி போட்ட பொடியன்கள்
நான் நட்ட கம்பத்திலேயே ஏணி சாத்தினார்கள்,
என்னிடமே குறடு கேட்டார்கள்.
கொடுத்தேன். திருப்பித் தரவில்லை.

பங்குனியில் இருபத்தாறு வீடு போனது.
கட்டாரில் இருக்கிற மகன் எடுத்துக் கொடுத்த டீவி
படலைக்குள் நுழையவில்லை என்று
ஒரு வீட்டில் வேலியைப் பிரித்தார்கள்;
வேலியோடு என் வயரும் போனது.

நற்பிட்டிமுனை சபுறா டீச்சர் மட்டும்
ஆறு மாதக் காசை முன்னுக்கே தந்தார்.
'நிப்பாட்டுறண்டா முந்தியே செல்லுங்க,
நான் ஆயத்தமாகணும்.'
எதற்கு ஆயத்தம் என்று நான் கேட்கவில்லை.

ஆடியில் வாத்தியாரையே நிப்பாட்டினார்கள்.
பிறகு போனில் வந்தார், ஒரு நிமிடத் துண்டுகளாக.
வாளி கவிழும்,
மணி அடிக்குமுன் ஆரோ ஒருத்தி மீன் வெட்டுவாள்.

ஐப்பசியில் ஒரு வரியை வெட்டும்போது
கை கொஞ்சம் நின்றது:
இணைப்பு இலக்கம் ஒன்று. என் வீடு.
மகள் காதில் வயர் செருகிக்கொண்டு குலுங்குகிறாள்.
'என்ன பகிடி புள்ள?'
'முடிஞ்சி அப்பா.'

கழற்றிய கேபிளை இரும்புக்கடையில் நிறுத்தார்கள்,
ஒரு கிலோ சீனிக்கும் காணாது.
திருப்பிக் கொண்டுவந்து முற்றத்தில் கட்டினேன்.
இருபத்திரண்டாம் சனலில் இப்போது
மனைவியின் சிவப்புச் சாறி காய்கிறது.
படம் தெளிவு.

ரூபகாந்தனிடம் நானூற்றைம்பது ரூபா பாக்கி,
சித்திரையிலிருந்து.
நான் படலைக் கொளுக்கியைத் தூக்கினால்
உள்ளே டீவியின் சத்தம் செத்துப்போகும்,
வெளிச்சம் அணையும்,
மூச்சுவிடாமல் வீடே ஆளில்லாத மாதிரி நடிக்கும்.
ஆனால் அவன் மனுசிக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.
கதவுக்குப் பின்னால், தலையணைக்குள்,
வாத்தியார் சொன்ன ஏதோ ஒன்று
அவளைப் போட்டுக் கொல்லும்.
'ஆளில்லையாக்கும்' என்று நானும்
சத்தமாகச் சொல்லிவிட்டு வருவேன்.

நேற்றுப் போனேன். கதவு திறந்தே கிடந்தது.
ஒளிக்க ஒன்றுமில்லை, டீவியே இல்லை.
'வாங்கண்ணே, தேத்தண்ணி குடிங்க.
இதைப் பாருங்க, உங்களுக்கெண்டே எடுத்த மாதிரி.'
போனை நீட்டினான்.
பழைய துண்டு ஒன்று: வாத்தியார் வீட்டுக்கு
கேபிள் காசுக்காரன் வருகிறான்,
வாத்தியார் வாளிக்குள் ஒளிக்கிறார்.
பத்துத் தரம் பார்த்திருப்பான் போல,
பகிடி வருமுன்னே ரூபகாந்தன் சிரித்தான்.
மனுசி குசினிக்குள்ளிருந்து, பார்க்காமலே.
கடைசியாக நான்,
டிஷ் வீடு மாதிரி, ஒரு மிடறு பிந்தி.

தேத்தண்ணிக்குச் சீனி கூட.
காசைப் பற்றி அவனும் கதைக்கவில்லை.

புதுக் கொப்பி வாங்கியிருக்கிறேன், நாற்பது பக்கம் போதும்.
முதல் வரி எழுதியாயிற்று, நீல மையால்:
ரூபகாந்தன், நானூற்றைம்பது.
மாதம் ஒருக்கா கேட்கப் போகலாம்.