நான்காவது கோடு

ஸ்கோர் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது.
நீல அட்டை. முப்பத்தோரு ஆட்டங்கள்.
ஆடத் தெரியாதவள் என்று
பென்சிலைக் கொடுத்து உட்காரவைத்தார்கள்,
ஆட்டத்துக்கு இருபது ரூபாய்.

ஆடுகிறவர்களுக்கு நூற்றைம்பது.
ஜெயித்தால் இன்னும் ஐம்பது.
கொருக்குப்பேட்டையில் அதுவரை
ஓடியதற்காக எந்தப் பெண்ணுக்கும் யாரும் காசு தந்ததில்லை.
தண்ணி லாரிக்குப் பின்னால் எல்லோரும்
ஓசியில்தான் ஓடிக்கொண்டிருந்தோம்.

முதல் வருஷம் எங்கள் பெயர் பவளம் சோப்பு.
தோற்றால் சம்பளத்தில் பாதி சோப்பாக வரும்.
நிறையத் தோற்றோம்.
தெருவே மணத்தது,
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பும்வரை.

பந்தை முதலில் பார்த்த அன்று
மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கும் அற்புதம்
அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து,
"சாஃப்ட்டுன்னு எவன் சொன்னான்?
இத்த எங்க மாமியா தலையில போட்டா
கேஸாயிடும்" என்றாள்.
பிறகு கையை ஒரு சுழற்று சுழற்றி
இடுப்புக்குக் கீழிருந்து எறிந்தாள்.
பிடித்த பெனடிக்டா
மூன்று நாள் சப்பாத்தி தேய்க்கவில்லை.

மைதானம் என்பது
கூட்ஸ் யார்டுச் சுவருக்கும்
கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில் மிச்சமிருந்த மண்.
இடது பக்கம் தூக்கி அடித்தால்
பந்து நிலக்கரி வண்டியில் விழும்.
ஒன்று கூடூர் வரை போனதாக
கேங்மேன் ஒருவர் சத்தியம் செய்தார்.

இரண்டாம் வருஷம் குக்கர் கம்பெனி.
ஷம்ஷாத்தின் இடக்கை வீச்சில்
எதிரணிக்கு ஒரு அவுட் விழுந்தால்
சுவர்மேல் பையன்கள் ஒரு விசில் அடிப்பார்கள்.
மூன்றாவதுக்கு, "வெந்துடுச்சு, எறக்குங்க!"
அந்த வருஷம் இரண்டாவதாக வந்தோம்.
பேப்பரில் வந்த படத்தில்
நடுவில் நின்றவர் குக்கர் முதலாளி.
என் முழங்கை மட்டும் தெரியும்.

மூன்றாம் வருஷம் சுபிட்சம் சிட் ஃபண்ட்ஸ்.
மாசச் சம்பளம். ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து.
அதில் பாதிக்கு அங்கேயே சீட்டு கட்டச் சொன்னார்கள்.
கட்டினோம்.

அக்டோபர், சனிக்கிழமை, அரையிறுதி.
ஐந்தாவது இன்னிங்ஸ், நாலுக்கு நாலு,
இரண்டு அவுட், மூன்றாம் தளத்தில் தேசம்மா.
அப்போது காசிமேட்டிலிருந்து வந்தார்கள்
கூடையோடு நாற்பது பெண்கள்.
ஆபீஸ் பூட்டியிருந்ததாம். பூட்டை எவ்வளவு நேரம் திட்டுவது?
அந்தப் பெயரைத் தேடிக்கொண்டே வந்தால்
அது எங்கள் முதுகில் இருந்தது.
"எங்க துட்டுல தச்ச சட்டதானடி?"
அற்புதத்தின் மாமியாரும் அதில் நின்றாள்.

அற்புதம் பந்தைக் கீழே வைத்தாள்.
கன்டெய்னர் மறைவுக்குப் போய்
சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு வந்தாள்,
தையல் பிசிறு வெளியே தெரிய.
ஒவ்வொருத்தியாகப் போய் வந்தார்கள்.
தேசம்மா மட்டும் நகரவில்லை.
தளத்தை விட்டால் அவுட் கொடுத்துவிடுவார்களோ என்று
ஒரு காலை அதிலேயே ஊன்றிக்கொண்டு நின்றாள்.
கூடைக்காரிகள்தான்
முந்தானை விரித்துச் சுற்றி மறைத்தார்கள்.
அங்கேயே திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

எறிய அற்புதம் இல்லை, அடிக்க வந்த ரெமிஜா தயார்,
நடுவர் கடிகாரம் பார்த்தார்.
வெளிச்சம் போதாது. ஆட்டம் ஒத்திவைப்பு.
தேதி பின்னர் அறிவிக்கப்படும்.

கட்டத்துக்கு ஒரு வைரம் வரைய வேண்டும்:
தளம் ஒன்றுக்குக் கோடு ஒன்று,
நாலாவது, வீடு வந்து சேர்ந்தால்.
தேசம்மாவின் கட்டத்தில் மூன்றுதான்.

போன மாதம் டோல்கேட்டில் ஏறிய ஷேர் ஆட்டோவை
அவள்தான் ஓட்டினாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து,
"கோட்ட போட்டுட்டியா?" என்றாள்.
இருபத்திரண்டு வருஷம்.
இல்லை என்றேன். வேண்டுமானால் இன்று ராத்திரி...

"போட்டுடாத," என்றாள்,
லாரியை இடதுபக்கம் முந்திக்கொண்டே.
"ரெமிஜா அடிக்கட்டும். நான் வரேன்."

இறங்கும்போது
பத்து ரூபாய் சில்லறை தர மறந்துபோனாள்.