நாலாவது சிலிண்டர்

குளச்சலில் நான் வள்ளம் வார்க்கும் ஷெட்டுக்கு
ஐஸ் வண்டியில் வந்தது விமான எஞ்சின்.
"நாலாவது மட்டும் வேகுது அண்ணே" என்றாள் டெல்பின்.

தெர்மோகோலில் செதுக்கிய முதல் அச்சை
ரெசின் தின்றுவிட்டது.
அடுத்ததற்குப் பழுப்பு டேப் சுற்றி, மெழுகு தடவி,
மூன்று அடுக்குக் கண்ணாடி நார்.
முழங்கை அரிப்பில் இரண்டு இரவு தூக்கமில்லை.

இருபது வருஷமாகத்
தண்ணீரை உள்ளே விடாதவன்;
இப்போது காற்றை வெளியே விடக்கூடாது.
காற்று சோம்பேறி.
நகக்கண் அளவு இடுக்கு போதும்,
கொதிக்கிற தகடுகளுக்குள் நுழையாமல் நழுவிவிடும்.
மூலை மூலையாகச் சிலிக்கான் அப்பினேன்.

ஆரல்வாய்மொழியில், டிரெய்லரோடு சேர்த்துக் கட்டி,
கணவாய்க் காற்றுக்கு நேராக முடுக்கினோம்.
நாலாவதின் முள் இறங்கியது,
மெதுவாக,
வேலியேற்றம் வடிகிற மாதிரி.

டெல்பின் சிரிக்கவில்லை.
இரண்டாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.