புள்ளி மூன்று

டாக்டர் உபேந்திரன்
அண்ணா நகரில் பல் பிடுங்குகிறவர்.
அவருடைய மஞ்சள் காருக்கு இரண்டே கதவு.
பின்னால் ஒரு டிபன் கேரியர்கூட உட்காராது.
பாடி மேம்பாலம் தாண்டி
ஒவ்வொரு வேகத்தடையிலும் கோணலாக ஏறி
சேலையைத் தூக்கிப் பிடித்துச் சாக்கடை தாண்டுவதுபோல
என் ஷெட்டுக்கு வரும்.

அம்பத்தூர் எஸ்டேட்,
அட்டைப்பெட்டி கம்பெனிக்கு அடுத்த கேட்.
தரையில் புதைத்த இரண்டு உருளைகள்,
மேலே ஏற்றிக் கட்டிப்போட்டால்
கார் நின்ற இடத்திலேயே நூற்றறுபதில் ஓடும்.
எத்தனை குதிரை என்று திரை சொல்லும்.
பொய் சொல்ல வராத ஒரே சாமான்
என் பிழைப்பில் இதுதான்.

ஒரு சனிக்கிழமை சிவப்புக் குப்பியோடு வந்தார்.
'ஆக்டேன் பூஸ்டர். மூணு புள்ளி ஏறுமாம் மேடம்.'
நான் லேபிளின் அடியில் எறும்பெழுத்தைப் படித்தேன்.
மூன்று புள்ளி இல்லை டாக்டர்,
புள்ளி மூன்று.
அவர் சிரித்தார்.
தமிழில் புள்ளியை எங்கே வைத்தாலும்
பணம் ஒன்றுதான், ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.

சொல்லிப் பார்த்தேன்.
ஆக்டேன் பலம் இல்லை, பொறுமை.
நெருக்கி அழுத்தும்போது
தீப்பொறி வரும்வரை வெடிக்காமல் இருக்கும் பொறுமை.
உங்கள் எஞ்சினுக்குத் தொண்ணூற்றைந்து போதும்,
பங்கில் அதுவே கிடைக்கிறது.
அதற்கு மேல் ஊற்றுவது
ஏற்கனவே வரிசையில் நிற்கிறவனிடம்
வரிசையில் நில் என்பது மாதிரி.

இன்ஜெக்டரில் படிகிற கறை வேறு சங்கதி,
அதற்கொரு திரவம் உண்டு, வருஷத்துக்கு ஒருமுறை போதும்.
பல்லுக்குத் தெரியாததா உங்களுக்கு?
வாய் கொப்பளித்தால் நாற்றம் போகும்,
முப்பத்து மூன்றாவது பல் முளைக்குமா?

'இருந்தாலும் ஊத்திடுங்க' என்று
காபி குடிக்கப் போய்விட்டார்.

நான் ஊற்றவில்லை.

ஏன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை.
உருளையில் ஓட்டினேன்: இருநூற்று எண்பத்தொன்று.
காலையிலும் அதேதான்.
ஒன்றும் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.
ஞாயிறு விடிகாலை முட்டுக்காட்டிலிருந்து போன்,
காற்று இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்:
'பறக்குது மேடம். உடம்பே சொல்லுது.'

எல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது.
அக்னி நட்சத்திரத்தில் ரெஹானின் நீலக் கார் வந்தது,
டர்போவை முறுக்கி, கம்ப்யூட்டரை மாற்றி எழுதியது.
மத்தியானம் இரண்டு மணிக்கு எஞ்சினுக்குள்
தகர டப்பாவில் புளியங்கொட்டை உருட்டும் சத்தம்.
பயந்துபோய் அது தானாகவே தீயைத் தாமதித்தது,
பலம் வடிந்தது.
நல்ல சரக்கு, அளவு பார்த்து ஊற்றினேன்.
சத்தம் நின்றது. பத்தொன்பது குதிரை
தொழுவத்துக்குத் திரும்பி வந்தன.
அந்த எஞ்சின் கேட்டது, கொடுத்தேன்.
டாக்டருடையது கேட்கவே இல்லை.
கேட்டது டாக்டர்.

அடுத்த மாதம் ஒரு பெட்டி கொண்டு வந்தார், ஆறு குப்பி.
புனலை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.
குனிந்து, மூக்கருகே நுரைக்கும் வாசம் பிடித்து,
ஒரு சொட்டு வெளியே சிந்தாமல்
குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவதுபோல் ஊற்றினார்.
வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் இருக்கிற கை அது.
திரையில் இருநூற்று எண்பது.
அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

போன மாதத்துக் குப்பி அலமாரியிலேயே இருந்தது,
பில்லில் ஊற்றுகூலி ஐம்பது ரூபாய் போட்டதோடு.
பாஸ்கோ நேற்று அதைத் திறந்து
பஞ்சில் நனைத்து
உருளையில் ஒட்டிய டயர் கருப்பைத் துடைத்தான்.
'நல்லாப் போவுதுக்கா' என்றான்.