சரிவு

பதினான்கு ஜன்னல். இருபத்தெட்டுக் கதவு.
ஒவ்வொரு கதவிலும் இருபத்திரண்டு சாய்பலகை.
பெருக்கிப் பார்க்காதீர்கள்,
நான் பெருக்கிப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று
பெயர்ப்பலகை மாறிப் பல வருஷமாச்சு.
பழைய ஆட்கள் யாரும் அந்தப் பெயர் சொல்லி
பஸ்ஸில் டிக்கெட் கேட்பதில்லை.
பெரிய கிராணி வீட்டையும்
டயர் கடைக்காரி வீடு என்று யாரும் சொல்வதில்லை.
ஏலத்தில் எடுத்து நாலு வருஷம்.
பத்திரம் என் பெயரில்.

சோங் அலுமினியம் என்றார்.
"ஒரே வாரம், பதினோராயிரம் வெள்ளி,
கொசுவலை சும்மா தர்றேன்.
கரையானுக்குப் பல் உடையும், அக்கா."
தேவசகாயம் அதற்குள் ஏர்கோனுக்கு இடம் பார்த்து
சுவரில் பென்சிலால் கட்டம் போட்டுவிட்டார்.
நியாயம்தான்.
மேற்கு ஜன்னலை விரலால் அழுத்தினால்
கோப்பியில் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போகிறது.
நவம்பர் வந்தால் கட்டிலை நகர்த்துகிறோம்.

ஆனாலும் வாக் துக்கிமானைக் கூப்பிட்டேன்.
ஏன் என்று தேவசகாயம் கேட்டதற்கு
வீட்டு லட்சணம் போய்விடும் என்றேன்.
பாதி பொய்.

வாக் ஒரு கதவைக் கழற்றிக் குப்புறப் போட்டு
கீல், ஆணித்துளை, கொக்கி எல்லாம் தடவிப் பார்த்தார்.
பச்சைக்குக் கீழே சாம்பல்,
சாம்பலுக்குக் கீழே கறுத்த சிவப்பு, அப்புறம் மரம்.
"செங்கால். முக்கால்வாசி பிழைக்கும்.
மேற்குப் பக்கம் மட்டும் புதுசு."
பிறகு கேட்டார்:
"சரிவு பழையபடியேவா?"

சாய்பலகைகள் வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கும்,
மழை வழிந்து வெளியே போக.
மழைக்கு மட்டும்தானா, வாக்?
உள்ளே நின்று பாருங்கள்,
முற்றம், கேட், சடக்கு,
சடக்கில் போகிறவன் செருப்பு வரைக்கும் தெரியும்.
கீழே நின்று பாருங்கள்,
சீலிங் தெரியும்.
வெள்ளைப் பூச்சு. காற்றாடியின் ஒரே ஒரு இறக்கை.

எனக்குத் தெரியும்.
ஏழு வயதில் அந்தச் சீலிங் பலகைகளை எண்ணியிருக்கிறேன்,
பால்கறை ஏறிய அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு,
சம்பளத்தில் முன்பணம் கேட்க வந்த ஞாயிறுகளில்.
மேலேயிருந்து குரல் வரும்:
"நூத்து முப்பத்தேழா? அடுத்த வாரம் வா."
முகம் வராது.
பதினொரு பலகை முடிவதற்குள்
அம்மா திரும்பி நடந்திருப்பாள்.

வாக் காத்திருந்தார், காதில் பென்சில்.
"தலைகீழாய்ப் போட முடியுமா?"
கேட்டே விட்டேன்.
"முடியும். மழை உன்னோடு குடியிருக்கும்."

பழையபடியே போட்டார்.
முப்பத்தெட்டு நாள்.
சோங் சொன்னதைப் போல இரண்டு மடங்கு காசு,
அதில் பாதி சாயம் சுரண்டவே போனது.
சடக்கில் போகிறவர்கள்
ஒன்றும் மாறவில்லையே என்கிறார்கள்.
அதற்குத்தான் அவ்வளவு செலவு.

நேற்றுச் சாயங்காலம்
முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.
சீலிங். காற்றாடி இறக்கை, இப்போது வேறு கம்பெனி.
ஒன்று, இரண்டு, மூன்று
"அம்மா, தலையெல்லாம் மரத்தூள்,"
என்றது வீடு.
ஹேமாஷினிதான். எந்த ஜன்னல் என்று தெரியவில்லை.
"ஏம்மா வாயத் தொறந்துகிட்டு நிக்கிற?"
எண்ணிக்கை விட்டுப்போனது.

வாக் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்.
மேலே போய்ப் பணத்தை எடுத்தேன்.
ஜன்னலில் நின்று கூப்பிட்டிருக்கலாம்,
கேட்கிற தூரம்தான்.
ஒன்பது படியும் இறங்கிப் போய்க் கொடுத்தேன்.
விரலை நாக்கில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார்.
"மேற்கில் ஒரு கீல் பாக்கி.
வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகிறேன்.
அதற்குள் காற்று அடித்தால்
கயிறு போட்டுக் கட்டிவை."

வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.
கயிறு தேடிக்கொண்டிருக்கிறேன்.