பதினாறு படி

இபுராம்சா கடையில் இரண்டு பெஞ்சு.
ஒன்றுக்கு ஒரு கால் குட்டை.
அதில் உட்காருகிறவர் கடைசி வாய் வரைக்கும்
லேசாகக் கடலில்தான் இருக்கிறார்.

பாம்பன் தெற்குவாடி, காலை ஐந்தே முக்கால்.
எனக்கு இரண்டு இட்லி, ஒரு கரண்டி நேற்றைய சூடைக் குழம்பு.
சட்னி வேண்டாம் என்று ஆறு வருடமாகச் சொல்கிறேன்.
ஆறு வருடமாக ஊற்றுகிறார்.
"வச்சா என்ன, கடிக்கவா போகுது?"

எதிரே ஐஸ் கம்பெனி. அங்கே கணக்கு எழுதுகிறேன்.
நாளைக்கு எத்தனை படகு போகும் என்று
இன்றைக்கே தெரிந்தாக வேண்டியவர்கள்
இந்த வாடியில் இரண்டு பேர்:
அரிசி ஊறப்போடுகிற அவர்,
தண்ணீரை அச்சில் விடச்சொல்லுகிற நான்.
மீன்பிடிக்கிறவர்களுக்குக்கூட அவ்வளவு அவசரமில்லை.

"எத்தனை படி?" என்பேன்.
"நீ எத்தனை பார்?" என்பார்.
முதலில் சொல்ல இருவருக்கும் கூச்சம்,
பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்ப்பதுபோல.

டோக்கன் நாளில் அது வேறு கடை.
மூன்றரைக்கே பொட்டலம், பொட்டலம்.
தாளுக்குள் இலை, இலைக்குள் எட்டு இட்லி,
முடிச்சுப் போட்ட பையில் சாம்பார் ஆடிக்கொண்டே
படகேறும். யாரும் உட்காரமாட்டார்கள்.
தஸ்நேவிஸ் மட்டும் நின்றபடி ஒரு வடையைப் பிய்த்து
பாதியைக் காக்காய்க்கு எறிவான்.
கேட்டால், "அதுகிட்ட வாங்கின கடன்" என்பான்.

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய் சாயங்காலம்
வாடைக்காற்று எங்கோ போயிருந்தது.
கடல் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி.
அவர் பதினாறு படி போட்டார்.
நான் நூற்றுப்பத்து பார்.
ராத்திரி பதினோரு மணிக்கு
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
டோக்கன் கிடையாது, டோக்கன் கிடையாது என்று
மைக் கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகப் போனது.

கிரைண்டர் நின்று அப்போதே இரண்டு மணிநேரம்.
மாவுக்கு மைக் கேட்காது.
அது பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருந்தது.

விடிந்து போனபோது தகரக்கூரை தடதடவென்றது.
கடையில் நான், வலை பொத்துகிற சந்தியாகு,
பாலத்து வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேர்.
அவர்கள் இட்லிக்குச் சீனி தொட்டுக்கொள்கிறார்கள்.
இபுராம்சா வேறு பக்கம் பார்த்தபடி
சீனி டப்பாவை அவர்களிடம் நகர்த்துகிறார்.
மற்ற எல்லோரும் வீட்டில்.
படகு போகாத நாளில் கஞ்சி போதும்;
கடைக்கு வந்தால் பழைய பாக்கி ஞாபகம் வரும்.

மூன்று அண்டா மாவு மூடிகளைத் தூக்கிக்கொண்டு நின்றது.
மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.
அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
எனக்குச் சட்னி ஊற்ற மறந்துபோனார்.
அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கை கழுவிவிட்டுத் தெருவைக் கடந்தேன்.
இரண்டு பாரைச் சாக்கில் சுற்றி
ட்ரைசைக்கிளில் ஏற்றச் சொன்னேன்.
"யாரு கணக்குலக்கா?" என்றான் முனீஸ்.
"ஏத்துடா."

அண்டாக்களைச் சுற்றி உடைத்துக் கொட்டினோம்.
கல்லுப்பு தூவி, உமி போட்டு, மேலே ஈரச்சாக்கு.
சீலா மீனை அடுக்குவதுபோல மாவை அடுக்கினோம்.
சந்தியாகு எட்டிப் பார்த்து,
"கேரளாவுக்கா போகுது?" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை. பிறகு இபுராம்சா சிரித்தார்,
ரொம்ப நேரம் கழித்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

சாயங்காலம் பேரேட்டில் அந்த இரண்டு பாருக்கு நேராகப்
பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.
"கரைந்தது" என்று எழுதினேன்.
முதலாளி அந்த வரியைத் தாண்டிப் போனார்.
ஐஸ் வேறென்ன செய்யும்.

வியாழன் விடியுமுன் கூண்டு இறங்கியது.
மாவு கொஞ்சம் புளிப்புதான்.
வெங்காயம் தூவி ஊத்தப்பமாக ஊற்றினார்,
நாலரைக்குள் அண்டா காலி.
எனக்கென்று கடைசியாக ஒன்று, ஓரம் கருகினது.
காசை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை
ஒரு ரூபாய் பிசகாமல் எண்ணி வைத்தார்.

இலை ஓரத்தில் சட்னி.
தொட்டுப் பார்த்தேன்.
உப்பு ஒரு கல் கூடுதல்.
சொல்லவில்லை.